படம் பெயர் வைத்த ஆறு

முதல் நாள்: தொன்புரியிலிருந்து காஞ்சனபுரிக்கு

சாவ்பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் தொன்புரி ரயில் நிலையம், பாங்காக் மாநகரத்தின் இரைச்சல் எட்டாத சிறிய நிலையம். காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு அங்கிருந்து புறப்படும் மூன்றாம் வகுப்பு வண்டியில் ஏறினேன். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 100 பாட். மின்விசிறிகள் சுழன்றாலும் சன்னலைத் திறந்து வைத்தால்தான் காற்று வருகிறது. திறந்து வைத்தாலோ வாழைத் தோப்புகளின் இலைகள் கைக்கெட்டும் தூரத்தில் உரசிக்கொண்டு போகின்றன.

எனக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் அமர்ந்திருந்தனர். எழுபது வயது மதிக்கத்தக்க கணவர், வண்டி நகர்ந்ததும் உதட்டைக் குவித்து ஒரு மெட்டைச் சீழ்க்கையடிக்கத் தொடங்கினார். அடுத்த வரிசையில் இருந்த இளைஞர் ஒருவரும் அவருடன் சேர்ந்துகொண்டார். 1914இல் ஒரு பிரிட்டிஷ் இராணுவ இசைக்குழுத் தலைவர் அமைத்த அணிவகுப்பு இசை அது. ஆனால் உலகம் அதை 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் மெட்டாகத்தான் அறிந்து வைத்திருக்கிறது. கிழிந்த உடையும் தேய்ந்த காலணியுமாகப் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் அந்த மெட்டைச் சீழ்க்கையடித்தபடி ஜப்பானிய முகாமுக்குள் நடைபோட்டு வரும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை.

நானும் மறக்கவில்லை. பதினேழு வயதில், கல்லூரித் திரைப்படச் சங்கத்தில், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். டேவிட் லீன் இயக்கி, ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்ற அந்தப் படம் அன்று என்னை முழுமையாக ஆட்கொண்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. படம் முடிந்து வெளியே வந்தபோது, இரண்டாம் உலகப் போரின்போது, இன்று தாய்லாந்து எனப்படும் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் அமைத்த ரயில் பாதையைக் கட்டியவர்கள் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழர்கள் வேலை செய்தார்கள், அங்கேயே மாண்டார்கள் என்பது எனக்குத் தெரிய வந்தபோது இன்னும் இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அதுவும் புத்தகம் படித்துத் தெரிந்ததன்று. மலேசியாவில், ஈப்போவில் வாழும் ஓர் அக்கா, ஒரு திருமண விருந்தில் இலை முன்னால் அமர்ந்தபடி, தம் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லித்தான் தெரிந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவரை ஜப்பான்காரன் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனான், அவ்வளவுதான் செய்தி என்றார் அவர்.

ஒரு நாட்டைப் பற்றிய சித்திரம் அயல்நாட்டார் மனத்தில் எப்படிப் பதிகிறது, அதில் திரைப்படத்தின் பங்கு என்ன என்று பல காலம் யோசித்திருக்கிறேன். அதை எண்ணிப் பார்ப்பதற்குக் காஞ்சனபுரியை விடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது என்று தோன்றியதால்தான் இந்தப் பயணம்.

காஞ்சனம் என்றால் பொன், புரி என்றால் நகரம். ஊரின் பெயர் நம் காதுக்கு அந்நியமாக ஒலிக்கவில்லை. முற்பகலில் வண்டி நின்றபோது, நடைமேடையில் அக்கா காத்திருந்தார். முந்திய நாளே ஈப்போவிலிருந்து வந்துவிட்டாராம். “சாப்டியா தம்பி?” என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாம் நாள்: பாலம்

காலையில் பாலத்திற்கு நடந்தே போனோம். படத்தில் பார்த்த மரப்பாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவருக்கு முதல் அதிர்ச்சி, நிற்பது இரும்புப் பாலம் என்பதுதான். கான்கிரீட் தூண்களின் மேல், வில் போல வளைந்த இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. நடுவில் இரண்டு சட்டங்கள் மட்டும் வளைவின்றிக் கோணலாக இருக்கின்றன. நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்த பகுதிக்கு ஈடாகப் போருக்குப் பின் பொருத்தப்பட்டவை அவை. படத்தில் வருவதுபோல எந்த அதிரடிப் படையினரும் இங்கே கம்பியிழுத்து வெடி வைக்கவில்லை. 1943இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தப் பாலத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஜப்பானிய இராணுவ ரயில்கள் ஓடின. 1945இல் வானிலிருந்து விழுந்த குண்டுகளால்தான் அது உடைந்தது. பக்கத்திலேயே ஒரு மரப்பாலமும் இருந்தது, ஆனால் இன்று அது இல்லை.

தண்டவாளத்தின் நடுவே பலகை பாவியிருக்கிறார்கள். பயணிகள் அதன்மேல் நடக்கிறார்கள். ரயில் வரும்போது ஓரத்தில் நீட்டியிருக்கும் சிறு மேடைகளில் ஒதுங்கி நிற்கிறார்கள். அக்கா மூன்றாவது வளைவு வரை வந்துவிட்டு, அதற்கு மேல் வர மறுத்து, இரும்பைக் கையால் தொட்டபடி வெகுநேரம் நின்றார்.

இனி ஆற்றின் பெயருக்கு வருகிறேன். மூல நாவலை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் இந்தப் பாலத்தைப் பார்த்தவரல்லர். ரயில் பாதை பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஓர் ஆற்றை ஒட்டியே செல்கிறது என்பதும், அந்த ஆற்றின் பெயரும் அவருக்குத் தெரியும். எனவே பாலமும் அந்த ஆற்றின் குறுக்கேதான் இருக்க வேண்டும் என்று எண்ணி 1952இல் நாவலை வெளியிட்டார். உண்மையில் பாதை ஒட்டிச் செல்வது குவே நொய் என்னும் சிற்றாற்றை. பாலம் இருந்ததோ மே குளோங் ஆற்றின் மேல். படம் உலகெங்கும் ஓடிய பிறகு, குவாய் நதிப் பாலம் எங்கே என்று கேட்டுக்கொண்டு பயணிகள் வரத் தொடங்கினர். அப்படி ஓர் ஆற்றின் மேல் அப்படி ஒரு பாலம் இல்லை. 1960 அளவில் தாய்லாந்து அரசு, பாலம் இருக்கும் பகுதியில் மே குளோங் ஆற்றின் பெயரைக் குவே யாய் என்று மாற்றியது. நொய் என்றால் சிறியது, யாய் என்றால் பெரியது, குவே என்றால் கிளையாறு. இப்படியாக ஒரு நாவலாசிரியரின் தவறான ஊகம், திரைப்படத்தின் வழியே ஏறி வந்து, நிலப்படத்தில் உண்மையாக அமர்ந்துவிட்டது.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அயல்நாட்டார் உச்சரிக்கும் ‘குவாய்’ என்னும் ஒலி தாய்லாந்து மொழியில் எருமையைக் குறிக்கும். பாலத்தருகே இளநீர் விற்ற பெண்ணிடம் நான் வேண்டுமென்றே ‘குவாய்’, ‘குவே’ என்று இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன். முதலாவதற்கு அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டாவதற்கு ஆற்றைக் கைகாட்டினார். தங்கள் ஆற்றை உலகம் எருமை என்று அழைப்பதை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுப் பழகியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

இங்கே இன்னொரு படத்தையும் நினைவுகூர வேண்டும். இந்தப் படம் வருவதற்கு ஓராண்டு முன்பு, 1956இல், சயாம் மன்னர் மோங்குட்டையும் அரண்மனைக்கு வந்த ஆங்கில ஆசிரியையையும் பற்றிய ‘தி கிங் அண்ட் ஐ’ வெளிவந்தது. மன்னரைச் சிறுமைப்படுத்துவதாகக் கருதித் தாய்லாந்து அதைத் தடை செய்தது. அதே கதையை 1999இல் மீண்டும் எடுத்தபோது, அந்த நாட்டில் படப்பிடிப்புக்கு இடம் கிடைக்காமல் மலேசியாவுக்குப் போனார்கள். அந்தப் படமும் தாய்லாந்தில் தடை செய்யப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவந்து மேலைநாட்டார் மனத்தில் சயாமை வரைந்த அந்த இரண்டு படங்களில் ஒன்றுகூடச் சயாமில் எடுக்கப்பட்டதன்று. முதலாவதை அமெரிக்கப் படப்பிடிப்புத் தளத்திலும், இரண்டாவதை இலங்கையிலும் எடுத்தார்கள். ஒன்றை நாடு கதவடைத்துத் தடுத்தது. மற்றொன்றுக்காக ஆற்றின் பெயரையே மாற்றிக்கொண்டது. மன்னரின் மாண்புக்கு இழுக்கு என்றால் பொறுக்க முடியாது. ஆற்றின் பெயர் என்றால் விட்டுக்கொடுக்கலாம் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். சுற்றுலாவை நம்பி வாழும் ஊருக்கு அதனால் நன்மையும் கிடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆற்றங்கரை நெடுக விடுதிகள், உணவகங்கள், படகுகள் எல்லாம் படம் கொடுத்த பிழைப்புதான்.

ஆனால் படத்திற்குள் சயாம் நாட்டவர் எப்படி இருக்கிறார்கள்? தப்பி ஓடி வந்து மயங்கி விழும் அமெரிக்கரைத் தேற்றி அனுப்பும் கிராமத்தார், வெடிமருந்து சுமந்து காட்டில் நடக்கும் இளம்பெண்கள், ஒரு வழிகாட்டி. அவர்களுக்கென்று ஒரு விருப்பம், ஓர் அச்சம், இந்தப் போர் தங்கள் மண்ணில் நடப்பதைப் பற்றி ஒரு கருத்து எதுவும் இல்லை. பிறருடைய கதை நடப்பதற்கு இடம் கொடுத்த அழகிய காடு என்பதுதான் சயாமுக்குக் கிடைத்த சித்திரம்.

ஜப்பானியருக்குக் கிடைத்தது அதைவிடப் பழுதானது. படத்தில் ஜப்பானியப் பொறியாளர் பாலத்திற்குத் தேர்ந்தெடுக்கும் இடமே தவறாக இருக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரிகள்தான் சரியான இடத்தைக் காட்டி, கணக்குப் போட்டு, கட்டுமானத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். முகாம் தலைவர் சைட்டோ தனியறையில் அமர்ந்து அழுகிறார். உண்மையில் முன்பு பிரிட்டிஷார் அளந்து பார்த்துக் கைவிட்ட தடத்தில், 415 கிலோமீட்டர் பாதையை ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் அமைக்கும்படி திட்டமிட்டு நடத்தியவர்கள் ஜப்பானிய ரயில்வே படைப்பிரிவுப் பொறியாளர்கள். அவர்களுடைய குற்றம் அறியாமையன்று; திறமை எல்லாம் இருந்தும், அந்தத் திறமைக்கு மனித உயிர்களை எரிபொருளாகப் போட்டதுதான் அவர்களுடைய குற்றம். படம் அவர்களைத் திறமையற்றவர்களாகக் காட்டி, பெரிய குற்றத்தை மூடிவிட்டு இல்லாத குறையைச் சுமத்தியது என்றே நான் நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் கைதிகளுக்கும் படம் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. பகைவனுக்காகப் பெருமையோடு பாலம் கட்டிக் கொடுக்கும் கர்னல் நிக்கல்சனாக அலெக் கின்னஸ் நடித்தார். இங்கே, தாமக்காம் முகாமில், கைதிகளின் மூத்த அதிகாரியாக இருந்தவர் பிலிப் டூசி. அவர் தம் ஆட்களின் உயிரைக் காப்பதற்காக முகாம் அதிகாரிகளோடு இடையறாமல் வாதாடியவர்; வேலையைத் தாமதப்படுத்தத் தம்மால் ஆனதைச் செய்தவர்; மரத்தை அரிக்கட்டும் என்று கரையான்களைச் சேர்த்து விடச் செய்தார் என்றும் சொல்வார்கள். படத்தைப் பார்த்து அவருடன் இருந்த பழைய கைதிகள் கொதித்துப் போனதில் வியப்பில்லை.

மாலையில், பாலத்திலிருந்து சிறிது தொலைவில் இருக்கும் ஒரு நினைவுத் தூணுக்கு அக்கா என்னை அழைத்துப் போனார். பாதை அமைக்கும் பணியில் இறந்தவர்களுக்காக ஜப்பானிய இராணுவமே 1944இல் எழுப்பிய தூண் அது. பயணிகள் கூட்டம் அங்கே வருவதில்லை. சுற்றுச்சுவரில் பல மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள் இருந்தன; அவற்றில் ஒன்று தமிழ். சில எழுத்துகள் மங்கியிருந்தன, ஓரத்தில் பாசி படர்ந்திருந்தது. கொன்ற கை வைத்த கல்லில்தான் எங்கள் மொழியை அந்த ஊரில் முதன்முதலாகக் கண்டேன். அக்கா முந்தானையால் அந்தப் பாசியைத் துடைத்தார். நான் படம் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்: கல்லறைகள்

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டம் ஊரின் நடுவில், ரயில் நிலையத்திற்கு அருகில் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்; பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். புல்வெளி சீராக வெட்டப்பட்டு, ஒவ்வொரு வெண்கலப் பலகைக்கும் பக்கத்தில் ஒரு பூச்செடி வளர்க்கப்பட்டிருக்கிறது. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. அதற்கும் கீழே, குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி ஒரு வரி. இருபத்திரண்டு, இருபத்து நான்கு, பத்தொன்பது என்று வயதுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் நெஞ்சு அடைக்கிறது. அந்த இளைஞர்களின் துயரத்தைக் குறைத்துப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இந்தப் பாதையில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

நுழைவாயில் கட்டடத்தின் சுவரில், பிரிவுபடாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தாய்லாந்தின் இஸ்லாமிய அடக்கத் தலங்களில் புதைக்கப்பட்ட அவர்களுடைய கல்லறைகளைப் பராமரிக்க இயலாததால் பெயர்களை மட்டும் இங்கே வைத்திருக்கிறார்கள். அக்கா அந்தப் பதினொரு பெயர்களையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, “நம்ம ஆளுங்க பேரு எங்கயும் எழுதலயா?” என்று கேட்டார்.

எழுதவில்லை. அதற்கான காரணத்தைக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் ரயில் பாதை அருங்காட்சியகத்தில் ஓரளவு புரிந்துகொள்ளலாம். போர்க்கைதிகள் இராணுவத்தினர், அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், இறந்தவர் பெயரை மறைத்து எழுதி வைக்க ஆள் இருந்தது. போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்துக் காட்டுக்குள் போய்ச் சடலங்களைத் தோண்டி எடுத்து வந்து முறைப்படி அடக்கம் செய்தார்கள். ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர், தமிழர் என்று அந்தப் பாதையில் தள்ளப்பட்டவர்கள் 1,80,000க்குக் குறையாது என்று மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் அதிகமானோர் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்கள். போர்க்காலத்தில் ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போய், தோட்டத்தில் வேலையும் அரிசியும் இல்லாமல், மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்தவர்களிடம் நல்ல கூலி என்று ஆசை காட்டியும், ஆள் போதாதபோது வலுக்கட்டாயமாகப் பிடித்தும், சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள். குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது, மருத்துவரும் இல்லாமல், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவும் ஆள் இல்லாமல், முகாம் முகாமாக மடிந்தார்கள். எரித்தும் புதைத்தும் ஆற்றில் விட்டும் கணக்கு முடிந்துவிட்டது.

இந்த வேறுபாட்டை உண்டாக்கியது திரைப்படம் என்று நான் சொல்ல மாட்டேன். அது காலனி ஆட்சியின் கணக்கேட்டிலேயே இருந்த வேறுபாடு. ஆனால் கணக்கேட்டில் பெயரில்லாதவர்களைத் திரையிலும் இல்லாமல் ஆக்கியதால், உலகம் அவர்களைத் தேடாமலேயே போனது. நேற்றிரவு விடுதி அறையில், இரண்டே முக்கால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவான அந்தப் படத்தை முழுவதுமாக மீண்டும் பார்த்தேன். கட்டுமானக் காட்சிகளில் ஒவ்வொரு முகமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மண் சுமப்பவர், மரம் அறுப்பவர், தூண் இறக்குபவர் எல்லாரும் வெள்ளையர்களே. நாவலாசிரியர் பூல் போருக்கு முன்பு மலாயாவில் ரப்பர் தோட்டப் பணியில் இருந்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தோட்டத் தமிழர்களை அன்றாடம் பார்த்திருக்கக்கூடியவர் எழுதிய கதையிலிருந்து உருவான படத்தில், அவர்கள் ஒருவர்கூட இல்லை.

பிற்பகலில், கல்லறைத் தோட்டத்திற்குப் பக்கத்தில் இருக்கும் தாவோன் வராராம் பௌத்தக் கோயிலுக்குப் போனோம். வியட்நாமிய முறையில் கட்டப்பட்ட கோயில் அது. 1990இல் ஊருக்கு வெளியே ஒரு கரும்புத் தோட்டத்தில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ரயில் பாதைத் தொழிலாளர்களுடையவை. பெயர் தெரியாத அப்படிப்பட்டவர்களின் எச்சங்களுக்கு இடம் கொடுத்தது இந்தக் கோயில்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் முயன்று இங்கே ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். களத்தில் பட்ட வீரனுக்குக் கல் நட்டுப் பெயரும் பீடும் எழுதுவது சங்க காலத்திலிருந்து நம்மிடம் உள்ள வழக்கம். எழுதுவதற்குப் பெயர் கிடைக்காமல் கல்லை மட்டும் நட வேண்டி வந்தது இங்கேதான்.

அக்கா கைப்பையிலிருந்து கற்பூரமும் ஒரு சிறு பொட்டலம் விபூதியும் எடுத்தார். பெரியப்பாவின் பெயரை வாய்விட்டு மூன்று முறை சொன்னார். பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த இளம் பிக்கு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கற்பூரம் அணையும் வரை கைகூப்பி நின்றார்.

நான்காம் நாள்: நாம் தோக் வண்டியும் நரகக் கணவாயும்

இன்று எஞ்சியிருக்கும் பாதை நாம் தோக்கோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் பர்மா எல்லை வரை இருந்த தண்டவாளங்கள் போருக்குப் பின் பெயர்க்கப்பட்டுவிட்டன. காலை வண்டியில் ஏறினோம். தாம் கிராசே என்னும் இடத்தில் மலைச் சரிவை ஒட்டி, ஆற்றுக்கு மேலே, மரச்சட்டங்களின் மீது வண்டி ஊர்ந்து செல்கிறது. ஒரு பக்கச் சன்னலில் கை நீட்டினால் பாறை. மறுபக்கம் கீழே பச்சை நிற ஆறு. பெட்டியில் இருந்த அனைவரும் எழுந்து அந்தப் பக்கம் வந்து படம் எடுத்தார்கள். இந்த மரச்சட்டங்கள்தான் படத்தில் பார்த்ததற்கு ஓரளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதால் பாலத்தில் ஏமாந்தவர்கள் இங்கே நிறைவடைகிறார்கள் போலும்.

நாம் தோக்கிலிருந்து வாடகை வண்டியில் நரகக் கணவாய்க்குப் போனோம். ‘ஹெல்ஃபயர் பாஸ்’ என்று கைதிகள் வைத்த பெயரையே தமிழில் அப்படிச் சொல்கிறேன். கோன்யு என்னும் இடத்தில் பாறையைப் பிளந்து பாதை வெட்டும் வேலை 1943 ஏப்ரல் இறுதியில் தொடங்கியது; இரவும் பகலும் நடந்தது. மூங்கில் பந்தங்களின் ஒளியில் எலும்பும் தோலுமான மனிதர்களின் நிழல் பாறையில் ஆடியது நரகத்தைப் போல இருந்தது என்பதால் அந்தப் பெயர். ஆஸ்திரேலிய அரசு இங்கே அமைத்திருக்கும் நினைவகம் மிகுந்த அக்கறையோடு பராமரிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25 அன்று விடியற்காலையில் அஞ்சலி செலுத்த ஆஸ்திரேலியர்கள் திரண்டு வருகிறார்கள்.

மூங்கில் காட்டுக்குள் இறங்கிச் சென்றால் இருபுறமும் பாறைச் சுவர். நடுவே சரளைக் கல்லும் சில பழைய கட்டைகளும். ஒருவர் இரும்பு உளியைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் சம்மட்டியால் அடித்து, ஒவ்வோர் அடிக்கும் உளியைச் சிறிது திருப்பி, துளை ஆழமானதும் வெடிமருந்து வைத்துத் தகர்த்திருக்கிறார்கள். சுவரில் அந்தத் துளைகளின் பாதி வட்டங்கள் இன்றும் நீள நீளமாகத் தெரிகின்றன. ஓரிடத்தில் உடைந்த உளியின் முனை பாறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. அதைப் பிடித்தவர் யார், அடித்தவர் யார் என்று சொல்ல எவரும் இல்லை. இந்த வெட்டில் தமிழ்த் தொழிலாளர்களும் வேலை செய்தார்கள் என்பதை அறிந்திருந்த அக்கா, அந்த உளி முனையில் விரலை வைத்துச் சுழற்றிப் பார்த்தார், அது அசையவில்லை.

இந்த இடத்தின் முன் நின்றபோதுதான், படத்தின் மீது எனக்குள்ள மனக்குறை தெளிவாகப் புலப்பட்டது. படத்தில் எல்லாம் பாலம். அழகாகக் கட்டப்பட்டு, அழகாக வெடித்துச் சிதறும் ஒரே ஒரு பாலம். உண்மையில் 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இப்படிப்பட்ட பாறை வெட்டும், மண் மேடும், சேறும், சீழ்ப்பிடித்த புண்ணும்தான் அந்த ரயில் பாதை. பாலத்தில் ஒரு நாயகனை நிறுத்தலாம்; வெட்டுப் பள்ளத்தில் அப்படி ஒருவரை நிறுத்த முடியாது. காஞ்சனபுரியில் ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் பாலத்தருகே ஒலி ஒளிக் காட்சி நடத்துகிறார்கள். வாணவேடிக்கையோடு குண்டுவீச்சை நடித்துக் காட்டுகிறார்கள். உலகம் எதைக் காண வருகிறதோ அதைக் காட்டுகிறார்கள். ஜப்பானிலும் இப்படித்தான். இந்தப் பாதையில் ஓடிய ஓர் இஞ்சின் தோக்கியோவில், போரில் மாண்ட ஜப்பானியரைப் போற்றும் யாசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியக வாயிலில் மெருகேற்றப்பட்டு நிற்கிறது. அவரவர் நாட்டுக்கு வேண்டிய துண்டை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வண்டியில் அக்கா அதிகம் பேசவில்லை. வண்டி பாலத்தைக் கடந்தபோது, ஓரத்து மேடைகளில் ஒதுங்கி நின்ற பயணிகள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அக்காவும் கையசைத்தார்.

எட்டாம் நாள்: கித்துல்கல, இலங்கை

சென்னை திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி, ஹட்டன் பேருந்தில் கித்துல்கல வந்தேன். படத்தில் வரும் குவாய் நதிப் பாலம் உண்மையில் கட்டப்பட்டதும், 1957இல் ஒளிப்படக் கருவிகளின் முன்னால் தகர்க்கப்பட்டதும் இங்கேதான். பெரிய மூங்கில்கள் நிழலிடும் பாதையில் இறங்கினால் களனி ஆறு பாறைகளுக்கிடையே நுரைத்து ஓடுகிறது. கரையில் கான்கிரீட் அடித்தளத்தின் சில துண்டுகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. சாயலில் இந்தப் பள்ளத்தாக்கு காஞ்சனபுரியைவிடப் படத்திற்கு நெருக்கமாக இருக்கிறது. ஏனெனில் படம் இதுதான். சயாம் என்று உலகம் எண்ணி ரசித்த காடு, சப்பிரகமுவ மாகாணத்துக் காடு.

பாதை முனையில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் மலையகத் தமிழர். வெளிநாட்டவர் வந்து குவாய் நதி எது என்று கேட்பார்கள், களனி என்று சொன்னால் குழம்பிப் போகிறார்கள், ஆகவே ஆற்றைக் கைகாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன் என்றார். சயாம் பாதையில் தமிழர்கள் வேலை செய்த கதையைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கழுவியபடியே கேட்டுவிட்டு, “அவங்களும் தோட்டத்து ஆளுங்களா அண்ணன்?” என்றார். ஆம் என்றேன். ஹட்டன் பக்கம் மலையேறும் சாலையைப் பார்த்துத் தலையசைத்தார். தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

ஆற்றின் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் குரல் பதிவு வந்தது. தண்ணீர் அங்கே ஆழமா என்று கேட்டிருந்தார். பிறகு, சித்திரையில் தம் தம்பி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மீண்டும் காஞ்சனபுரிக்குப் போகப் போவதாகவும், ஜப்பானியத் தூணில் இருந்த தமிழ்ப் பலகையைப் பெரிதாக்கி, மங்கிய எழுத்துகளைப் பார்த்து எழுதி அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் கல்லில் இருப்பதைப் படிக்கச் சிரமப்படுவார்கள் என்றார். இப்போது விடுதித் திண்ணையில் அமர்ந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு வரிகளில் இன்னும் சில எழுத்துகள் பிடிபடவில்லை.